மாற்றிய பிறகும் திரும்பி வந்த மெமரி பிழை: ஒரு சர்வர் பழுதின் நிகழ்வு ஆய்வு

இரண்டு சிபியு கொண்ட ஒரு டேட்டாபேஸ் சர்வர், நள்ளிரவுக்குப் பின் ஓடும் கணக்கு முடிப்பு வேலையின் நடுவில் தானாக ரீபூட் ஆனது. ரெப்ளிகா சர்வர் உடனே பொறுப்பை ஏற்றுக்கொண்டதால் பயனாளர்களுக்குப் பெரிய பாதிப்பு ஏற்படவில்லை. காலையில் பிழைப்பதிவுகளைப் பார்த்தபோது அவை ஒரு குறிப்பிட்ட மெமரி ஸ்லாட்டைச் சுட்டின, சர்வரை விற்ற நிறுவனத்தின் சேவைப் பொறியாளர் வந்து அந்த ஸ்லாட்டில் இருந்த மாட்யூலை மாற்றினார், புகாரும் முடித்துவைக்கப்பட்டது. ஆனால் அடுத்த வாரமே அதே ஸ்லாட்டின் பெயரில் பிழைகள் மீண்டும் எண்ணப்படத் தொடங்கின. முதல் நாள் பதிவுகளை எப்படிப் படித்தோம், இரண்டாம் முறை அவற்றில் எதைக் கூடுதலாகத் தேடினோம், உண்மையான காரணம் எங்கே இருந்தது என்பதை இந்த ஆய்வு விவரிக்கிறது. சர்வர் தயாரிப்பாளரின் பெயரும் அது இயங்கிய நிறுவனத்தின் பெயரும் இங்கே தேவையில்லை. இரண்டு சாக்கெட் கொண்ட எந்தச் சர்வரிலும் இது நேரலாம்.

முதல் நாள் பதிவுகள்

ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கர்னலின் பதிவில் இரவு 2:17 மணிக்கு ஒரு சாதாரண வரி இருந்தது. அதற்கு அடுத்த வரியே புதிய பூட்டின் தொடக்கம். இடையில் கர்னல் விழும்போது எழுதும் பேனிக் செய்தியோ, சேவைகள் ஒழுங்காக நிறுத்தப்பட்டதற்கான தடயமோ எதுவும் இல்லை. இந்த வெறுமையையும் ஒரு சான்றாகவே கொள்ள வேண்டும். மென்பொருள் கோளாறால் கர்னல் விழுந்தால், டிஸ்க்கில் எழுத முடியாமல் போனாலும், சீரியல் கன்சோலிலோ நிலைத்த நினைவகத்தில் ஒதுக்கிய இடத்திலோ கடைசிச் செய்தி பெரும்பாலும் மிஞ்சும். அதுகூட இல்லாமல் நின்றிருக்கிறது என்றால், கர்னல் பேசுவதற்கு முன்பே வன்பொருள் இயந்திரத்தை ரீசெட் செய்திருக்கக்கூடும், அல்லது மின்சாரம் போயிருக்கக்கூடும். இரண்டில் எது என்பதைச் சொல்லும் பதிவு ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு வெளியே இருக்கிறது.

மதர்போர்டில் பிஎம்சி என்ற சிறிய கண்காணிப்புக் கணினி ஒன்று தனியாக இயங்குகிறது. முக்கியக் கணினி அணைந்திருந்தாலும் ஸ்டாண்ட்பை மின்சாரத்தில் அது விழித்திருக்கும். அது நிகழ்வுகளை எழுதிவைக்கும் இடமே சிஸ்டம் ஈவன்ட் லாக், சுருக்கமாக எஸ்இஎல். இன்டெல், டெல், ஹெச்பி, என்இசி ஆகிய நான்கு நிறுவனங்கள் 1998-இல் வெளியிட்ட ஐபிஎம்ஐ தரநிலைப்படி, இதில் ஒவ்வொரு பதிவும் 16 பைட் மட்டுமே. நேரம், எந்த வகை சென்சார், அதன் எண், நிகழ்வின் வகை, கூடுதல் விவரத்துக்கு மூன்று பைட் என எல்லாம் அந்த 16 பைட்டுக்குள் அடங்கிவிட வேண்டும். அதனால்தான் எஸ்இஎல் வரிகள் அவ்வளவு சுருக்கமாக இருக்கின்றன. சேர்த்துப் படிக்க வேறு பதிவுகள் இல்லாமல் அவற்றிலிருந்து முடிவுக்கு வருவது கடினம்.

எங்கள் சர்வரின் எஸ்இஎல்லில் கடைசி இரண்டு வரிகள் முக்கியமானவை. ஒன்று, சில நாட்களுக்கு முன் எழுதப்பட்டிருந்த ‘மெமரி: திருத்தக்கூடிய இசிசி, பதிவு வரம்பு எட்டப்பட்டது’ என்ற வரி. மற்றொன்று, ‘மெமரி: திருத்த முடியாத இசிசி’. இசிசி என்பது மெமரியில் வரும் பிட் தவறுகளைக் கண்டறிந்து திருத்தும் ஏற்பாடு. இரண்டு வரிகளும் இரண்டாவது சிபியுவின் ஒரே ஸ்லாட்டைச் சுட்டின. ஆனால் இரண்டாவது வரியின் நேரம் முந்தைய நாள் இரவு 20:47 என்று இருந்தது. கர்னல் பதிவின் கடைசி வரியோ 2:17. பிஎம்சியின் கடிகாரம் உலகப் பொது நேரத்திலும் கர்னலின் பதிவு இந்திய நேரத்திலும் ஓடியதால் வந்த ஐந்தரை மணி நேர வித்தியாசம் இது. இந்தக் கணக்கைப் போடாமல் விட்டிருந்தால், மெமரி பிழை மாலையிலேயே வந்துவிட்டது, ரீபூட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்ற தவறான முடிவுக்கு யாரும் வந்திருக்கலாம். எந்தப் பழுதாய்விலும் முதல் வேலை எல்லாப் பதிவுகளையும் ஒரே நேரக் கோட்டில் கொண்டுவந்து நிறுத்துவதுதான்.

மூன்றாவது சான்று சிபியுவுக்குள்ளேயே இருக்கிறது. மெஷின் செக் வங்கிகள் எனப்படும் ரெஜிஸ்டர்களில் சிபியு தான் கண்ட பிழையின் விவரத்தை எழுதிவைக்கிறது. வெறும் ரீசெட்டில் அவை அழிவதில்லை. மின்சாரத்தை முழுவதுமாக நிறுத்தினால் அழிந்துவிடும். எனவே, சிக்கலான சர்வரின் மின்கம்பியைப் பிடுங்கிச் செருகிப் பார்ப்போம் என்ற வழக்கமான அவசரம் முதல்தரச் சான்றை அழிக்கும் செயலாக முடியலாம். இங்கே ரீசெட் மட்டுமே நடந்திருந்ததால், அடுத்த பூட்டில் ஃபர்ம்வேர், அதாவது மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள், அந்த விவரத்தை எடுத்துக் கர்னலிடம் கொடுத்திருந்தது. அதன் கடைசி 16 பிட்டில் இருந்த குறியீடு, பதினாறடிமான எண்ணில், 0091. சிபியுவுக்குள் இருந்து மெமரியோடு பேசும் பகுதியான மெமரி கன்ட்ரோலரின் பிழைகளுக்கு இந்தக் குறியீட்டின் வடிவம் நிலையானது: எட்டாவது பிட் 1 ஆக இருந்தால் அது மெமரி கன்ட்ரோலர் பிழை, அடுத்த மூன்று பிட் செயலைக் குறிக்கும், கடைசி நான்கு பிட் சேனலை, அதாவது மெமரிக்குப் போகும் தனித்தனித் தரவுப் பாதைகளில் ஒன்றை, குறிக்கும். 91 என்பதைப் பிரித்தால் செயல் 1, அதாவது வாசிப்பு, சேனல் 1. ஆக, கன்ட்ரோலர் முதலாம் எண் சேனலில் இருந்து வாசிக்கும்போது பிழை வந்திருக்கிறது.

இங்கே எண்ணிக்கைக் குழப்பம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கர்னல் சாக்கெட்டுகளையும் சேனல்களையும் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது. மதர்போர்டில் அச்சிடப்பட்ட பெயர்கள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து தொடங்குகின்றன. மெமரி பிழைகளை எண்ணிவரும், கர்னலின் ஈடாக் பகுதி ‘எம்சி2, சேனல் 1’ என்று குறித்த இடம், இரண்டு கன்ட்ரோலர் கொண்ட இரண்டாவது சிபியுவின் முதல் கன்ட்ரோலரில் இரண்டாவது சேனல். எங்கள் போர்டில் அதன் அச்சுப்பெயர் ‘பி2’. ஒரே ஓர் எண் பிசகினால் நல்ல மாட்யூல் குப்பைக்குப் போகும், கெட்டது சர்வரிலேயே இருக்கும். அதனால் ஸ்லாட் பெயரோடு நிற்காமல், ஃபர்ம்வேர் அட்டவணையில் அந்த இடத்துக்கு எழுதியிருக்கும் மாட்யூலின் சீரியல் எண்ணையும், கழற்றி எடுத்த மாட்யூலின் ஸ்டிக்கரில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டோம். இரண்டும் ஒன்றே. சரியான மாட்யூல்தான் மாற்றப்பட்டது.

அந்த முடிவை யாரும் குறை சொல்ல முடியாது. மெமரி பிழை அரிதானது அல்ல. டொரான்டோ பல்கலைக்கழகமும் கூகுளும் சேர்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், கூகுளின் சர்வர்களில் ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு இயந்திரங்கள் குறைந்தது ஒரு திருத்தக்கூடிய பிழையையாவது சந்தித்ததும், 8 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட மாட்யூல்கள் பாதிக்கப்பட்டதும் தெரியவந்தன. காஸ்மிக் கதிர் போன்ற தற்செயல் காரணங்களைவிட வன்பொருளில் நிலையாக இருக்கும் குறைகளே அதிகம் என்பதும் அதே ஆய்வின் முடிவு. பதிவு ஒரு மாட்யூலைச் சுட்டினால் முதலில் மாட்யூலைச் சந்தேகிப்பது நியாயமானதே. ஆனால் அந்த முதல் சந்தேகத்தையே தீர்ப்பாக எழுதிப் புகாரை மூடிவிடும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை.

மீண்டும் அதே சேனல்

புதிய மாட்யூல் போட்ட பிறகும் ஈடாக் எண்ணிக்கை பூஜ்யத்தில் நிற்கவில்லை. எஸ்இஎல்லில் புதிதாக ஒரு வரிகூட இல்லை. இதில் முரண்பாடு எதுவும் இல்லை. திருத்தக்கூடிய பிழைகள் ஒவ்வொன்றையும் ஃபர்ம்வேர் எஸ்இஎல்லுக்கு அனுப்புவதில்லை. குறிப்பிட்ட கால அளவில் குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டும்போது மட்டுமே ஒரு வரி எழுதுகிறது. எஸ்இஎல்லை மட்டும் பார்த்து வந்தவருக்கு, பழுது சரியாகிவிட்டது என்றே தோன்றும். எங்கள் சர்வரில் ராஸ்டீமன் என்ற சேவை, கர்னல் காணும் ஒவ்வொரு பிழையையும் அதன் நேரம், முகவரி, ரேங்க் (மாட்யூலில் ஒன்றாக இயங்கும் சிப்களின் தொகுதி), பேங்க் (சிப்புக்குள் ஒரு பிரிவு), வரிசை, நெடுவரிசை எல்லாவற்றோடும் ஒரு சிறு டேட்டாபேஸில் சேமித்து வந்தது. இரண்டாம் கட்ட ஆய்வு முழுவதும் இந்தச் சேமிப்பின் மேல்தான் நின்றது.

சேவைப் பொறியாளர், வந்த புதிய மாட்யூலும் குறையுள்ளதாக இருக்கலாம் என்றார். நடக்காததல்ல. ஆனால் பதிவில் இருந்த பிழைகளை முகவரிவாரியாக அடுக்கிப் பார்த்தபோது அதற்கு எதிரான சான்றுகள் கிடைத்தன.

மாட்யூலில் ஒரு சிப் கெட்டிருந்தால் அதன் பிழைகளுக்கு ஒரு வடிவம் இருக்கும். ஒரு செல் கெட்டிருந்தால் ஒரே முகவரி திரும்பத் திரும்ப வரும்; ஒரு வரிசை கெட்டிருந்தால் ஒரே வரிசை எண் வரும்; ஒரு சிப் முழுவதும் கெட்டிருந்தாலும் பிழைகள் ஒரே ரேங்க்கில் அடங்கும். எங்கள் பதிவில் பிழைகள் இரண்டு ரேங்க்குகளிலும் இருந்தன. எல்லா பேங்க்குகளிலும் இருந்தன. வரிசை எண்கள் சிதறிக் கிடந்தன. ஒருமுறை வந்த முகவரி பெரும்பாலும் மறுமுறை வரவில்லை. இரண்டு ரேங்க்குகளும் வேறு வேறு சிப்களால் ஆனவை. அவற்றுக்குப் பொதுவானது எது? இரண்டும் ஒரே தரவுக் கம்பிகள் வழியாகத்தான் சிபியுவோடு பேசுகின்றன. புதிய மாட்யூலில், இரண்டு ரேங்க்கின் சிப்களும் ஒரே சமயத்தில் கெட்டிருக்கும் என்று எண்ணுவதைவிட, அவை பகிரும் பாதையில் எங்கோ குறை இருக்கிறது என்று எண்ணுவதே பொருத்தம்.

இதை உறுதிப்படுத்தும் இன்னொரு தடயமும் கிடைத்தது. பிழைகளில் பெரும்பாலானவை 0091, அதாவது வேலையின்போது நேர்ந்த வாசிப்புப் பிழைகள். சில மட்டும் 00சி1 என்ற குறியீட்டோடு வந்தன. அது பேட்ரோல் ஸ்க்ரப் எனப்படும் சுற்றுக்காவல் வாசிப்பின் குறியீடு: கன்ட்ரோலர் தானாகவே மெமரி முழுவதையும், பொதுவாக ஒரு நாளுக்கு ஒருமுறை என்ற வேகத்தில், வாசித்துப் பார்த்துத் தவறு இருந்தால் திருத்தி எழுதுகிறது. செல்லிலேயே நிலையான குறை இருந்தால் இந்தச் சுற்றுக்காவல் நாள்தோறும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஒரே முகவரியில் தடுக்கி நிற்கும். எங்கள் பதிவில் அப்படி ஒரு முகவரிகூட இல்லை. செல்லில் உள்ள தரவு சரியாகவே இருந்திருக்கிறது, வழியில்தான் கெட்டிருக்கிறது.

பிழைகளின் நேரத்தை வரைபடமாக்கியபோது அவை இரவுக் கணக்கு வேலையின் நேரத்தில், அதுவும் இரண்டாவது சிபியுவின் வெப்பநிலை ஏறிய சற்று நேரத்துக்குப் பின் குவிந்திருந்தன. இதை மட்டும் வைத்து வெப்பம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அந்த நேரத்தில் மெமரி வாசிப்பும் பல மடங்கு கூடுகிறது. வாசிப்பு கூடினால் பிழையும் கூடத்தான் செய்யும். அதனால் வெப்பத்தை ஒரு குறிப்பாக மட்டும் எழுதிவைத்துவிட்டு, அடுத்த சோதனைக்குப் போனோம்.

அந்தச் சோதனை எளியது, ஆனால் பலர் செய்யாமல் விடுவது. பி2-இல் இருந்த புதிய மாட்யூலை முதல் சிபியுவின் ஒரு சேனலுக்கும், அங்கே பிழையே இல்லாமல் இயங்கி வந்த மாட்யூலை பி2-க்கும் இடம் மாற்றினோம். சீரியல் எண்களைக் குறித்துக்கொண்டோம். சுமைச் சோதனை ஓட்டினோம். பிழை மாட்யூலைப் பின்தொடர்ந்தால் மாட்யூல் குற்றவாளி. இடத்திலேயே தங்கினால் இடம் குற்றவாளி. பிழை பி2-இலேயே தங்கியது. அதுவரை நல்ல பெயரோடு இருந்த மாட்யூலின் பேரில் இப்போது பிழை எண்ணப்பட்டது.

மிஞ்சியவை நான்கு: ஸ்லாட்டின் தொடுமுனைகள், போர்டில் ஓடும் தடம், சிபியு சாக்கெட்டின் தொடுமுனைகள், சிபியுவுக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர். இடமாற்றத்தின்போதே ஸ்லாட்டைச் சுத்தம் செய்து பார்த்திருந்ததால் முதலாவதன் வாய்ப்பு குறைந்துவிட்டது. மற்ற மூன்றையும் பதிவுகளால் பிரித்தறிய முடியாது. மூன்றும் பதிவில் ஒரே வரியாகத்தான் தெரியும். விற்பனை நிறுவனம் மதர்போர்டை மாற்றத் தயாராக இருந்தது. அதற்கு ஒப்புக்கொள்ளும் முன் ஒரு கேள்விக்கு மட்டும் விடை தேடினோம்: இந்தப் பிழை எப்போது தொடங்கியது?

பழைய பதிவில் கிடைத்த தேதி

எஸ்இஎல் சிறியது. நிரம்பிவிட்டால் பல சர்வர்களில் புதிய நிகழ்வுகள் எழுதப்படாமலே போகும். அதனால் சேவைப் பொறியாளர்கள் பழுது பார்த்து முடித்ததும் அதை அழித்துவிடுவது வழக்கம். எங்கள் சர்வரிலும் முதல் வருகையின் முடிவில் அழிக்கப்பட்டிருந்தது. அழித்த செயலே ‘பதிவுப் பகுதி அழிக்கப்பட்டது’ என்று முதல் வரியாக எழுதப்பட்டிருந்ததால் இதில் ஐயம் இல்லை. நல்லவேளையாக, எல்லா சர்வர்களின் எஸ்இஎல்லையும் அவ்வப்போது ஒரு மையச் சேமிப்புக்குப் படியெடுக்கும் ஏற்பாடு முன்பே இருந்தது. அந்தப் படியில் பின்னோக்கிப் போனோம்.

திருத்த முடியாத பிழைக்குச் சில மாதங்கள் முன்னால், ஒரே நாளில் மூன்று நிகழ்வுகள் அடுத்தடுத்து இருந்தன. முதலில் இரண்டு பவர் சப்ளைகளிலும் மின்உள்ளீடு இழப்பு. அடுத்து சேசிஸ் இன்ட்ரூஷன், அதாவது சர்வரின் மூடி திறக்கப்பட்டது. அதன் பின், பிஎம்சியின் கடிகாரம் இன்னும் அமையாத நிலையில் எழுதப்பட்ட, தேதியற்ற சில தொடக்க வரிகள். பராமரிப்புக் குறிப்பேட்டைப் புரட்டினால், அதே நாளில் இரண்டாவது சிபியுவை அதிக கோர்கள் கொண்ட ஒன்றாக மாற்றுவதற்காக அதன் ஹீட்சிங்க் கழற்றப்பட்டதும், வந்த சிபியு முதல் சிபியுவோடு பொருந்தாத ஸ்டெப்பிங், அதாவது வேறு தயாரிப்புப் பதிப்பு, என்று தெரிந்ததும், பழையதையே திரும்பப் பொருத்தியதும் எழுதப்பட்டிருந்தன. சிபியு மாறவில்லை என்பதால், எதுவும் மாறவில்லை என்றே அனைவரும் எண்ணியிருந்தார்கள்.

ராஸ்டீமனின் சேமிப்பில் பி2 சேனலின் முதல் பிழை அந்தப் பராமரிப்புக்கு அடுத்த இரவுக் கணக்கு வேலையின்போது பதிவாகியிருந்தது. அதற்கு முன் அந்தச் சேனலில் ஒரு பிழைகூட இல்லை. பழுது எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்த இடத்தில், எப்போது தொடங்கியது என்ற விடைதான் வழியைத் திறந்தது.

சாக்கெட்டும் திருகுகளும்

இந்தச் சர்வரின் சாக்கெட் எல்ஜிஏ 3647 வகை. பெயருக்கேற்ப 3647 தொடுமுனைகள் அதில் உண்டு. முந்தைய வகைகளில் சிபியுவை அழுத்திப் பிடிக்க நெம்புகோல் கொண்ட தனிச் சட்டம் இருந்தது. இதில் அது கிடையாது. ஹீட்சிங்க்கின் நான்கு திருகுகளே சிபியுவைச் சாக்கெட்டோடு அழுத்துகின்றன. அதனால் ஹீட்சிங்க்குக்கு இரண்டு பொறுப்புகள்: வெப்பத்தை வெளியேற்றுவதும், ஆயிரக்கணக்கான தொடுமுனைகளில் சீரான அழுத்தம் கொடுப்பதும். கார் சக்கரத்தின் நட்டுகளை எப்படி வரிசை பார்த்து முடுக்குகிறோமோ அப்படியே, ஹீட்சிங்க்கின் லேபிளில் அச்சிட்டிருக்கும் வரிசைப்படி, 12 அங்குல-பவுண்டு முறுக்குவிசைக்கு இவற்றை முடுக்க வேண்டும். ஒரு மூலை தளர்ந்திருந்தால் அந்தப் பக்கத்துத் தொடுமுனைகளில் அழுத்தம் குறையும். சர்வர் பூட் ஆகும், வேலை செய்யும், எந்த எச்சரிக்கையும் தராது. ஆனால் அந்தப் பக்கம் மெமரி சேனல் ஒன்றின் தரவுக் கம்பி இருந்தால், தொடுகை வலுவிழந்து சிக்னலின் தரம் குறையும். சிபியு சூடேறி விரியும்போது இன்னும் குறையும். ஒரு கம்பியில் மட்டும் பிழை என்றால் இசிசி திருத்திவிடும். அதன் அடிப்படை வடிவில் 64 பிட் தரவுக்கு 8 பிட் சரிபார்ப்பு உண்டு; ஒரு பிட் தவறைத் திருத்தும், இரண்டு பிட் தவறைக் கண்டறிய மட்டும் செய்யும். ஒரே வாசிப்பில் இரண்டு கம்பிகள் தவறினால் கர்னலால்கூட எதுவும் செய்ய இயலாது. இரவு 2:17-க்கு நடந்ததை இப்படித்தான் விளக்க முடிகிறது.

முறுக்குவிசை அளவிடும் ஸ்க்ரூடிரைவரோடு இரண்டாவது ஹீட்சிங்க்கைச் சோதித்தபோது நான்கில் ஒரு திருகு குறித்த அளவுக்கு வெகு முன்பே சுழன்றது. கழற்றிப் பார்த்தபோது தெர்மல் பேஸ்ட் படிந்திருந்த விதமும் அதையே காட்டியது: ஒரு மூலையில் தடிமனாக, பிழியப்படாமல் இருந்தது, எதிர் மூலையில் மெல்லிய படலமாகப் பரவியிருந்தது. சாக்கெட்டைப் பூதக்கண்ணாடியும் சாய்ந்த வெளிச்சமும் கொண்டு வரிசை வரிசையாகப் பார்த்தோம். வளைந்த முனை எதுவும் இல்லை. அது மிக முக்கியமான கட்டம், ஏனெனில் ஒரு முனை வளைந்திருந்தாலும் போர்டை மாற்றுவதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது. பழைய பேஸ்ட்டைத் துடைத்து, புதிதாகப் பூசி, வரிசைப்படி, அளவுப்படி முடுக்கினோம்.

மூடி போட்டுச் சுமைச் சோதனை ஓட்டியதும் முதலில் தெரிந்த மாற்றம் வெப்பநிலையில்தான். இரண்டு சிபியுக்களும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே காற்றோட்டத்தில் இருப்பவை. ஆனாலும் முன்பு ஒரே சுமையில் இரண்டாவது சிபியு எப்போதும் சில பாகைகள் அதிகமாகவே காட்டியது. அந்த இடைவெளி மறைந்துவிட்டது. உண்மையில் இந்த இடைவெளியும் மாதக்கணக்கில் சென்சார் பதிவுகளில் இருந்துகொண்டுதான் இருந்தது. எச்சரிக்கை வரம்பைத் தொடாததால் எந்த நிகழ்வும் எழுதப்படவில்லை. பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு சென்சார்களை ஒன்றோடொன்று ஒப்பிடும் விதி எதுவும் எங்கள் கண்காணிப்பில் அப்போது இல்லை, இப்போது இருக்கிறது. பி2-இன் பிழை எண்ணிக்கை அதற்குப் பின் நகரவில்லை.

தரவைச் சரிபார்த்தது

வன்பொருள் சீரானதோடு வேலை முடிந்துவிடவில்லை. மாதக்கணக்கில் ஒரு சேனல் தடுமாறியிருக்கிறது. அதன் வழியாகப் போன கணக்குகள் சரியாக இருக்கின்றனவா? இசிசி மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பிட்டுகள் தவறிய சொல்லைச் சரியானது என்றே எண்ணிக்கொள்ளும் வாய்ப்பு கோட்பாட்டளவில் உண்டு. டேட்டாபேஸ் தன் பக்கங்களுக்குச் செக்சம், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண், வைத்திருந்தது. அவற்றை முழுவதுமாகச் சோதித்ததில் ஒரு பக்கமும் தவறவில்லை. ஆனால் செக்சம் கணக்கிடப்படுவது பக்கம் டிஸ்க்குக்குப் போகும்போதுதான். அதற்கு முன் மெமரியில் கெட்ட தரவுக்கும் ‘சரியான’ செக்சமே கிடைக்கும். ஆகவே கணக்கு மொத்தங்களை மூல ஆவணங்களிலிருந்து மீண்டும் கூட்டி ஒப்பிட்டோம். பொருந்தின.

இது மிகையான எச்சரிக்கை என்று சிலர் கருதினார்கள். 2021-இல் ஃபேஸ்புக் பொறியாளர்கள் வெளியிட்ட நிகழ்வை அவர்களுக்குச் சுட்டிக்காட்டினேன்: ஒரு சர்வரில் 59-ஆம் கோர் மட்டும், 1.1-இன் 53-ஆம் அடுக்கின் முழு எண் பகுதியை 156 என்று தருவதற்குப் பதிலாகப் பூஜ்யம் என்று தந்தது. அதன் விளைவாகக் கோப்புகளின் அளவு பூஜ்யமாகக் கணிக்கப்பட்டு, டேட்டாபேஸில் கோப்புகள் காணாமல் போயின. அந்த இயந்திரத்தின் பிழைப்பதிவுகளில் அதற்கு ஒரு தடயமும் இருக்கவில்லை. எங்கள் சர்வர் தன் தடுமாற்றத்தைப் பதிவு செய்யும் அளவுக்காவது நல்ல நிலையில் இருந்தது.

முதல் வருகையில் கழற்றப்பட்ட மாட்யூலைத் திருப்பிக் கேட்டு வாங்கி, வேறொரு சர்வரில் நீண்ட நேரம் சோதித்தோம். ஒரு பிழையும் இல்லை. விற்பனை நிறுவனம் தன் புகார்க் கோப்பில் காரணத்தை ‘மெமரி மாட்யூல்’ என்பதிலிருந்து ‘ஹீட்சிங்க் பொருத்தம்’ என்று மாற்றி எழுதியது. மூடி திறக்கப்படும் எந்தப் பராமரிப்புக்குப் பின்னும், எது மாறியது எது மாறவில்லை என்ற கேள்வியே இல்லாமல், ஈடாக் எண்ணிக்கையை முதல் இரவு வேலை முடிந்ததும் ஒருவர் பார்த்துக் கையொப்பமிட வேண்டும் என்பது எங்கள் நடைமுறையில் சேர்க்கப்பட்டது. எஸ்இஎல்லை அழிப்பதற்கு முன் படியெடுத்த கோப்பின் பெயரைப் புகாரில் குறிப்பிடாமல் எந்த வெளிப் பொறியாளரும் அதை அழிக்க இப்போது அனுமதி இல்லை.